டஸ்டர் அக்காவின் ஐந்தாம் வகுப்பு

அந்தத் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், ஐந்து கரும்பலகைகள். ஐந்தையும் தினமும் மாலையில் துடைப்பவள் ஒருத்திதான். தரையைப் பெருக்குவதும் பெஞ்சுகளைத் தள்ளிப் போடுவதும் கழிப்பறை கழுவுவதும் அவள்தான் என்றாலும், பிள்ளைகள் கண்ணில் பட்டதென்னவோ டஸ்டரும் கையுமாக அவள் நிற்கிற கோலம். ஆகவே டஸ்டர் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நிறுத்தியவள் என்பது மரியாதைக்குச் சொல்வது, நிறுத்தப்பட்டவள் என்பதுதான் நிஜம். வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எழுத்துகள் தெரியும். ஆனால் எழுத்துக்கு எழுத்து முட்டி மோதித்தான் ஒரு சொல்லுக்குள் நுழைய முடியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வினை வந்தது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் மூன்று மணி நேரம் செலவழித்துக் கலர் சாக்பீஸில் வரைந்து வைத்திருந்த சூரியக் குடும்பத்தை, கோள் ஒன்று மிஞ்சாமல் துடைத்துவிட்டாள். மேல் மூலையில் கட்டம் கட்டி 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதையும் சேர்த்தே துடைத்திருந்தாள். மறுநாள் காலை அந்த ஆசிரியர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ்ளோ பெருசா எழுதியிருந்தேனே! படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

அவர் அதைக் கோபத்தில்தான் கேட்டார், பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு அது நிஜமான கேள்வியாகவே வந்து விழுந்தது. அவமானத்தில் காது மடல் இரண்டும் எரிந்தன. அன்றைக்கே தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: படிக்காமல் எதையும் துடைப்பதில்லை.

பள்ளி விட்டதும் மாடியில் ஐந்தாம் வகுப்பில் தொடங்கிக் கீழே ஒன்றாம் வகுப்பில் முடிப்பது அவள் வழக்கம். அழுக்குத் தண்ணீர் மேலிருந்து கீழேதானே வந்தாக வேண்டும்? அதனால் அவள் படிப்பும் தலைகீழாகவே நடந்தது. முதலில் வகுத்தல், பிறகு பெருக்கல், அதற்குப் பிறகு கழித்தல், கடைசியாகக் கூட்டல். கண்டங்களையும் கடல்களையும் மாடியில் பார்த்துவிட்டு, படியிறங்கி 'நமது ஊர்' வழியாக 'நமது தெரு'வுக்குள் நுழைந்து, 'என் குடும்பம்' என்று ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருவாள். பெருக்குவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் வருஷக்கணக்காகத் தண்ணி காட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலகையில் மாலை வரைக்கும் மிஞ்சுவது எப்போதும் பாடத்தின் வால்தான். கணக்கு இருக்கும், விடை இருக்காது. விடை இருக்கும், எதற்கான விடை என்று தெரியாது. அவள் விடவில்லை. வருஷக் கடைசியில் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போகும் நோட்டுகளில் வெற்றுத்தாள்களைக் கிழித்து, தைத்து, தனக்கு ஒரு நோட்டு செய்துகொண்டாள். பலகையில் உள்ளதை அதில் எழுதிக்கொண்டு, விட்டுப்போன பாதியை அடுத்த நாளோ அடுத்த வருஷமோ கண்டுபிடிப்பாள். நீர் ஆவியாகிறது என்று ஒரு வருஷம் தெரிந்துகொண்டாள், அது மேகமாகிறது என்பது மறு வருஷம்தான் தெரியவந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு மாதமும் அந்த ஆவி எங்கே போயிற்று என்று வாளியைப் பார்க்கும்போதெல்லாம் யோசித்தாள்.

இப்படிப் பதினோரு வருஷம். ஐந்து வகுப்பையும் பதினோரு முறை படித்து முடித்த ஆள் அந்தப் பள்ளியில் அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு முறைகூட யாரும் அவளைக் கேள்வி கேட்டதில்லை, சரி என்றோ தப்பு என்றோ சொன்னதுமில்லை. பலகையில் இருப்பது சத்தியம் என்ற ஒரே நம்பிக்கையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஒப்பந்தக்காரர் கையை விரித்தார். பள்ளியோடு போட்ட ஒப்பந்தம் மாத முடிவில் முடிகிறது, ஆட்கள் எல்லோரும் ஊர்க்கோடியில் இருக்கும் சரக்குக் கிடங்குக்கு மாற வேண்டும் என்றார். கூலி அதேதான், வேலையும் இதைவிட லேசு. ஆனால் கிடங்கில் கரும்பலகை கிடையாது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து மழலையர் வகுப்பு ஆரம்பிக்கிறோம். டீச்சருக்கு ஒரு உதவியாளர் வேணும், நிரந்தர வேலை. எனக்கு உங்களப் போடணும்னுதான் ஆசை. ஆனா அஞ்சாவது பாஸ் பண்ணின சர்டிபிகேட் கேக்குறாங்க. இருக்கா?"

"ரெண்டாவதுலயே நின்னுட்டேன் டீச்சர்."

"பரவாயில்ல, இன்னொரு வழி இருக்கு. பெரியவங்களுக்கு அஞ்சாவதுக்குச் சமமா ஒரு தேர்வு வைக்கிறாங்க, கல்வி அலுவலகத்துல. நேர்ல உக்கார வச்சு இருபது கேள்வி கேப்பாங்க. பதினாறு சரியா சொல்லணும். இருபத்தெட்டாம் தேதி. போறீங்களா?"

"போறேன் டீச்சர்."

அந்த வார்த்தை அவளை முந்திக்கொண்டு வாயிலிருந்து குதித்துவிட்டது. அறையை விட்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்காமல் தாண்டியதும் கொஞ்சம் தெம்பு வந்தது.

வீட்டில் புருஷன் லேத்துப் பட்டறைக்காரன். கூடவே இருக்கும் நாத்தனார் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், பத்தாவது தேறியவள். தான் பத்தாவது தேறியதை அவள் நாளைக்கு நாலு தடவையாவது ஏதாவது ஒரு சாக்கில் நினைவூட்டாமல் விடமாட்டாள்.

"அண்ணி, தேர்வுன்னா வெளையாட்டு இல்ல. நானெல்லாம் பத்தாவதுல ராப்பகலா படிச்சேன்."

"நீ படிச்சத விடு," என்றான் புருஷன். "நான் ஒன்னாங்கிளாஸையே ரெண்டு வருஷம் படிச்சவன். அஸ்திவாரம் பலமா இருக்கணும்னு வாத்தியாரு விடல."

சிரித்தாலும், நாத்தனார் தினமும் சாயங்காலம் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். டஸ்டர் அக்காவும் சளைக்காமல் பதில் சொன்னாள். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நாலாம் வகுப்புப் பலகை அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்றன்கீழ் ஒன்றாக, எண் போட்டு, உருண்டையான கையெழுத்தில் முழுசாகப் பத்து வரிகள். வால் இல்லை, பாதி இல்லை. 'சிலந்திக்கு ஆறு கால்கள். வௌவால் ஒரு பறவை. திமிங்கிலம் ஒரு மீன். பனிக்கட்டி தண்ணீரில் மூழ்கும். நிலாவுக்குச் சொந்த ஒளி உண்டு. விதை முளைக்க வெயில் வேண்டும். ஆறில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரியது. வரைபடத்தில் மேற்கு வலப்பக்கம்' என்று இப்படியே போயிற்று. தேர்வுக்கென்றே யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்தது போல இருந்தது. அவள் பூரித்துப் போனாள்.

நடந்தது என்னவென்றால், பத்து வரிக்கும் மேலே ஒரு தலைப்பு இருந்தது: 'கீழே உள்ள தவறுகளைத் திருத்துக.' பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் சறுக்குவார்களோ அதையெல்லாம் பொறுக்கியெடுத்து, வேண்டுமென்றே தப்பாக எழுதி, கண்டுபிடிக்கச் சொல்வது நாலாம் வகுப்பு டீச்சரின் வழக்கம். கடைசி மணி அடிக்கும் நேரத்தில் அவர் தலைப்பை மட்டும் அழித்துவிட்டு அந்த இடத்தில் 'நாளை வண்ணப் பென்சில் கொண்டு வரவும்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். பாவம், டஸ்டர் அக்காவுக்கு எப்படித் தெரியும்? வண்ணப் பென்சிலையும் பத்துப் பொய்களையும் ஒரு எழுத்து விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள். படியேறும்போது ஐந்து, இறங்கும்போது ஐந்து என்று மனப்பாடம் செய்தாள்.

அன்று மாலை நாத்தனார் நோட்டைப் புரட்டியவள் புருவத்தைத் தூக்கினாள்.

"என்ன அண்ணி இது, வவ்வாலு பறவையா? அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"பறக்குதுல்ல?"

"கொசுவும்தான் பறக்குது."

"டீச்சர் பலகையில எழுதியிருந்தாங்க."

"தப்பா எழுதியிருப்பாங்க."

அவ்வளவுதான், டஸ்டர் அக்காவுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. "பதினோரு வருஷமா பாக்குறேன், பலகையில தப்பு வராது. பத்தாவது படிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா?" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த வவ்வாலையே கூட்டிட்டு வந்து கேட்டுருவோமா?" என்று புருஷன் இடையில் புகுந்து இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு நோட்டு நாத்தனார் கைக்குப் போகவில்லை. மற்ற ஒன்பது பொய்களும் அப்படித்தான் தப்பித்தன.

இருபத்தெட்டாம் தேதி காலை மூன்று பேருமாகப் போனார்கள். புருஷன் பட்டறைக்கு லீவு போட்டிருந்தான். நாத்தனார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கூடவே வந்து, வாசலில் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

உள்ளே ஒரு நீள மேசை. அதன் பின்னால் மூக்குக் கண்ணாடியில் கயிறு கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அதிகாரி அம்மாள், பக்கத்தில் பதிவேட்டோடு ஒரு எழுத்தர். சுவரில் பெரிய கரும்பலகை. அதைப் பார்த்ததும் டஸ்டர் அக்காவுக்குத் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. ஓரங்களைச் சரியாகத் துடைக்கவில்லை என்பதும் கண்ணில் பட்டது. இந்த ஆபீஸில் ஆள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. ஆற்றைப் பற்றி ஒரு பத்தி கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், நிற்காமல் ஓடினாள். நானூற்று முப்பத்திரண்டைப் பன்னிரண்டால் வகுக்கச் சொன்னார்கள், பலகையில் போட்டு முப்பத்தாறு என்று கோடிழுத்தாள். கடிகாரத்தைக் காட்டியதும் மூணே முக்கால் என்றாள். அது அவள் பலகை துடைக்கத் தொடங்கும் நேரம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வேரின் வேலை, செவ்வகத்தின் சுற்றளவு, தண்ணீரின் மூன்று நிலைகள் என்று பதினொரு கேள்விகள் வந்தன, பதினொன்றும் சரி.

அவளுக்கு அது எப்படித் தெரியும் என்றால், பேனா போகிற போக்கைப் பார்த்தே தெரியும். சரி போட்டால் கை ஒரே இழுப்பில் இறங்கி ஏறும், தப்பு போட்டால் இரண்டு இழுப்பு. இத்தனை வருஷம் ஆசிரியர்களின் கைகளை ஜன்னல் வழியே பார்த்தவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டாவது கேள்வி வந்தது. "வௌவால் எந்த வகையைச் சேர்ந்தது?"

அவள் முகம் மலர்ந்தது. "பறவைம்மா."

இரண்டு இழுப்பு.

"பனிக்கட்டிய தண்ணில போட்டா என்ன ஆகும்?"

"மூழ்கிரும்மா."

இரண்டு இழுப்பு. சத்தியத்தைத்தானே சொல்கிறோம், இவங்க ஏன் தப்பு போடுறாங்க?

"திமிங்கிலம்?"

"மீனு," என்றாள். மறுபடியும் இரண்டு இழுப்பு.

மூன்று போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் போகலாம். அதற்கு மேல் போனால் கிடங்கு. நெற்றியிலிருந்து இறங்கிய வேர்வையைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

"சிலந்திக்கு எத்தன கால்?"

ஆறு என்று சொல்ல வாய் திறந்துவிட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்து அவள் முழங்கையில் என்னவோ குறுகுறுத்தது. ஒன்றும் இல்லை, வெறும் நினைப்புதான். மாதம் ஒருமுறை ஒட்டடைக் கம்பைத் தூக்கினால் சிலந்திகளில் ஒன்றிரண்டு அவள் கைமேலேயே வந்து விழும். உதறாமல் ஜன்னல் பக்கம் நீட்டி, தானாக இறங்கிப் போகும்வரை காத்திருப்பாள். அப்படிப் போகும்போது இந்தப் பக்கம் எத்தனை கால், அந்தப் பக்கம் எத்தனை கால்?

"ஒரு நிமிஷம் குடுங்கம்மா," என்று கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள் ஒரு சிலந்தி முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு நிதானமாக நடந்தது. இந்தப் பக்கம் நாலு. அந்தப் பக்கமும் நாலு.

"எட்டு."

ஒரே இழுப்பு.

அவளுக்குத் தலை சுற்றியது. பலகை ஆறு என்றது, சிலந்தி எட்டு என்கிறது. அப்படியானால் பலகை தப்பு. பலகை தப்பா! பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அந்த எண்ணம் அவளுக்குள் வந்தது. வந்ததும் நிற்காமல் ஓடியது. சிலந்தி தப்பென்றால் வவ்வாலும் தப்பு, ஐஸும் தப்பு, திமிங்கிலமும் தப்பு. பலகையில் இருந்தது பத்து, அதில் நாலு தப்பு. நாலாம் வகுப்பு டீச்சர் அப்படிப்பட்ட ஆளா? ஒரு வரி தப்பினால் மறதி என்று சொல்லலாம். இத்தனை வரி தப்பினால் அது வேண்டுமென்று செய்த வேலை. பிள்ளைகள் திருத்துவதற்காக எழுதியது. அட, பத்துமே பொய்!

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"அம்மா, முன்ன சொன்ன மூணையும் மாத்திச் சொல்லிக்கலாமா?"

"ஒரு தடவ குறிச்சாச்சுன்னா மாத்த விதி இல்லம்மா." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா என்ன மாத்தணும்னு சொல்லுங்க, கேக்குறேன். ஏன்னும் சொல்லணும்."

"வவ்வாலு குட்டி போட்டுப் பால் குடுக்கும், என் நாத்தனார் சொன்னா, நான்தான் வீம்புக்குக் கேக்கல. ஜூஸ் குடிக்கிறப்ப ஐஸ் மேலதான் மெதக்கும், மூக்குல வந்து இடிக்கும். திமிங்கிலம் மூச்சு விட மேல வரும்னு அஞ்சாங்கிளாஸ்ல படம் போட்டிருந்தாங்க. மீனுன்னா அது எதுக்கு மேல வரணும்?"

எழுத்தர் சிரிப்பை அடக்கப் பதிவேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. "அடுத்தது," என்றார், "விதை முளைக்க வெயில் வேணுமா?"

பலகை வேண்டும் என்றது. அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் வெறுமனே திருப்பிப் போடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு பலகையை நம்பியது போதாதா?

"வேண்டாம்மா. லீவுக்கு முன்னாடி மூணாங்கிளாஸ் பிள்ளைங்க ஈரத்துணியில பயறு சுத்தி அலமாரிக்குள்ள வச்சுட்டு மறந்து போயிட்டாங்க. சுத்தம் பண்ணலாம்னு நான் தொறந்தேன். அந்த இருட்டுலயும் வெள்ளையா நீளமா முளைச்சு நின்னுச்சு. ஈரம் இருந்தா போதும்."

ஒரே இழுப்பு.

"ஆறில் ஒரு பங்கு பெருசா, எட்டில் ஒரு பங்கு பெருசா?"

"ஆறில் ஒன்னுதான். தரை துடைக்க ஒரு துணிய ஆறா கிழிச்சா கைக்கு நெறைவா இருக்கும். எட்டா கிழிச்சா விரல்தான் நனையும்."

ஒரே இழுப்பு. நிலாவைப் பற்றிக் கேட்டதும் அவள் கொஞ்சம் திணறினாள். நிலாவை அவள் துடைத்ததுமில்லை, கிழித்ததுமில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் ஒரு விளக்கையும் ஒரு பந்தையும் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தது நினைவுக்கு வந்தது. விளக்கு சூரியன், பந்து நிலா, வெளிச்சம் பந்தில் பட்டுத்தான் திரும்புகிறது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள். அதுவும் சரியாயிற்று.

"குழந்தைங்களுக்குப் பால் பல்லு மொத்தம் எத்தன?"

இது பலகையில் இல்லை. ஒன்றாம் வகுப்புத் தரையில் விழுந்து கிடந்த பற்களை எத்தனையோ முறை எடுத்துப் பொட்டலம் கட்டி டீச்சரிடம் கொடுத்திருக்கிறாள். ஆனால் ஒரு வாயில் மொத்தம் எத்தனை என்று யார் எண்ணினார்கள்? குத்துமதிப்பாக ஒன்றை அள்ளிவிடலாமா என்று பார்த்தாள், மனசு வரவில்லை.

"தெரியலம்மா."

"இருபது," என்றார் அதிகாரி அம்மாள். அவருக்கே வருத்தமாக இருந்தது போலிருந்தது. பேனா இரண்டு முறை இழுத்தது.

பதினைந்து சரி, நாலு தப்பு. மிச்சம் ஒரே கேள்வி.

"கடைசி. அந்தப் பலகையில ஒரு வரைபடம் போடுங்க. மேலேர்ந்து பாத்தா எப்படித் தெரியுமோ அப்படி. திசை குறிக்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச எந்த இடமா இருந்தாலும் சரி."

டஸ்டர் அக்கா எழுந்தாள். முதலில், இந்த ஆபீஸில் விட்டுப்போன ஓரங்களை நன்றாகத் துடைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அவளால் வேலை செய்ய முடியாது. பிறகு சாக்பீஸை எடுத்தாள். மேலே வடக்கு என்று எழுதினாள். சாயங்காலம் துடைக்கத் தொடங்கும்போது ஐந்தாம் வகுப்பின் எந்த ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழும் என்று நினைத்துப் பார்த்து, அந்தச் சுவரை இடப்பக்கம் வைத்து மேற்கு என்று குறித்தாள். அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை.

மாடியில் இரண்டு வகுப்பு, கீழே மூன்று, நடுவில் பதினெட்டுப் படி. ஒவ்வொரு கதவும் எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஜன்னலுக்குக் கொக்கி இல்லை, பெஞ்சு எத்தனை வரிசை, குழாய் எங்கே, தலைமையாசிரியையின் மேசை எந்த மூலையில் என்று ஒன்று விடாமல் வந்தது. அந்தத் தரை முழுவதையும் நாள் தவறாமல் குனிந்து குனிந்து துடைத்தவள் அவள். அந்தப் பள்ளியை மேலேயிருந்து பார்க்க அவளுக்குக் கண்ணை மூடக்கூட வேண்டியிருக்கவில்லை. எழுத்தர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். பின்னாலேயே அதிகாரி அம்மாளும் வந்தார்.

"கீழ ஏதோ எழுதியிருக்கீங்களே?"

"பத்து டைல்ஸுக்கு ஒரு சாண்னு கணக்கு வச்சிருக்கேன்மா. அளவு இல்லன்னா வரைபடம் இல்ல, வெறும் படம்தான்னு நாலாங்கிளாஸ்ல எழுதியிருந்தாங்க."

அப்படிச் சொன்ன பிறகுதான் அது எந்தப் பலகையில் இருந்தது என்று அவளுக்குத் திக்கென்றது. பொய்ப் பலகையா? இல்லை, அது போன வருஷம். மூச்சு திரும்பி வந்தது.

"இந்தச் சின்ன வட்டம்?"

"மழ பேஞ்சா அங்க தண்ணி நிக்கும். பிள்ளைங்க வழுக்கி விழுவாங்க, அதான் போட்டேன்."

அதிகாரி அம்மாள் வரைபடத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் பார்த்தார். மாடிக்கு ஏறினார், இறங்கினார், குழாயடியில் நின்றார். பிறகு மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்தார். டஸ்டர் அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே இழுப்பு. நீளமாக, தாளின் ஓரம் வரைக்கும் போயிற்று.

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வரட்டும் என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். எழுத்தர் முத்திரை குத்தும் சத்தம் கேட்டுத்தான் முகத்தை எடுத்தாள். அதிகாரி அம்மாள் சான்றிதழில் என்னவோ மூன்று வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

வாசலில் நின்றிருந்த இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். நாத்தனார் கையை நீட்டினாள். "குடுங்க அண்ணி, நான் படிச்சுச் சொல்றேன்."

"கைய எடு," என்றாள் டஸ்டர் அக்கா. சான்றிதழைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். "இத நான்தான் படிக்கணும்."

நடைபாதையின் நட்டநடுவில் நின்று அவள் உரக்கப் படித்தாள். தலைப்பைப் படித்தாள். பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்த தன் பெயரை, ஒரு எழுத்தும் தடுக்காமல் படித்தாள். 'இருபதுக்குப் பதினாறு, தேர்ச்சி' என்று படித்ததும் புருஷன் விசிலடித்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் நிறுத்தவில்லை. அடியில் கையால் எழுதியிருந்த மூன்று வரிக்கு வந்தாள்.

"குறிப்பு. இவர் தவறவிட்ட நான்கு விடைகளில் மூன்றைத் தேர்வு முடியும் முன்பே தாமாகக் கண்டுபிடித்து, காரணத்துடன் திருத்தினார். விதிப்படி அவற்றுக்கு மதிப்பெண் வழங்க இயலவில்லை."

சத்தம் போட்டுக்கொண்டிருந்த புருஷன் அடங்கிப் போனான். ஒன்றாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவன் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேறு பக்கம் திரும்பினான்.

"என்ன மூணு அண்ணி?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"அதுல ஒன்னு வவ்வாலு. நீ சொன்னதுதான் சரி. அவங்ககிட்டயும் நீ சொன்னேன்னுதான் சொன்னேன்."

நாத்தனார் கிட்டே வந்தாள். பத்தாவது தேறியதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அண்ணியின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு தடவ படி," என்றான் புருஷன், மூக்கை உறிஞ்சியபடி. "அந்தக் கடைசி மூணு வரிய."

டஸ்டர் அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று வரி மட்டுமில்லாமல், மறுபடியும் முதல் எழுத்திலிருந்தே ஆரம்பித்தாள்.